எது புதுசு, டீச்சர்?

புதுசு என்று மேலே எழுதி ஒட்டியிருந்தால் நான் பழைய செருப்பைக்கூட வாங்கிவிடுவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் திருட்டுத்தனமாக மைசூர்பாகு தின்றதை டாக்டரிடம் ஒப்புக்கொள்வாரே, அந்தக் குரலில் சொல்கிறேன். அதிலும் கம்ப்யூட்டர், டேப்லெட் என்றால் எனக்குக் கை பரபரக்கும். புது மாடல் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், நேற்றுவரை நன்றாக ஓடிய பழையது இன்று காலையிலிருந்து இருமுவதுபோல் தோன்ற ஆரம்பித்துவிடும்.

என் பெயர் எஸ்தர். சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். என் கணவர் தேவதாஸ் கங்காதர நெல்லூர் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டர் எங்கள் கல்யாணத்துக்குச் சற்றுப் பிந்தியது. அதை மாற்றச் சொல்லி நான் கேட்காத வருஷமில்லை. "அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது, அத்த எதுக்கு எழுப்பற?" என்பார்.

நியாயமாகப் பார்த்தால் என் வியாதி சும்மா வந்ததில்லை. காலேஜில் படிக்கும்போது முதல் கம்ப்யூட்டரை ஏசி அறையில், செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் தரிசித்தோம். மவுஸை நகர்த்தினால் கண்ணாடிக்குள் அம்பு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற தோழி "ஏசப்பா!" என்றாள். பல வருஷம் கழித்து முதல் டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, விரலால் போட்டோவை இழுத்துப் பெரிசாக்கிக் காட்டியபோது தேவதாஸே வாயைத் திறந்து பார்த்தார். அதற்கப்புறம் யாரும் எதற்கும் ஏசப்பாவைக் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் புது மாடல் வருகிறது. போனதைவிட ஒரு நூல் மெல்லிசு. மூலை வளைவாக இருந்தால் நேராகும். நேராக இருந்தால் வளையும். இரண்டுமே புதுமை என்பார்கள். ஊருக்கெல்லாம் இது புரிந்து, எல்லாரும் சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் பக்தி குறையவில்லை.

புதுசாக எதை வாங்கி வந்தாலும் வீட்டில் ஒரே வசனம்தான்.

"இன்னா எஸ்தரு, இது நேத்து இருந்த அதே கண்ணாடிதானே?"

"இதுல புது சிப்பு கீது."

"சிப்ஸா? குடு, துன்னு பாக்கறேன்."

(இப்படிப்பட்டவரோடு இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன். பரலோகத்தில் எனக்குத் தனி இடம் உண்டு.)

நான் சொல்லவந்த அவமானம் ஐந்து வருஷத்துக்கு முந்தியது. எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் அப்போது இருபது மெஷின்கள். அதில் ஓடியவை ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று, எப்போது போட்டாலும் ஜனவரி முதல் தேதி என்றே காட்டும். அதற்குத் தினமும் புத்தாண்டு. ஒரு மெஷினுக்கு நான்கு பிள்ளைகள் உட்காருவார்கள். ஒருத்தி மவுஸ், ஒருத்தி கீபோர்டு, மூன்றாமவள் திரையைத் தட்டிக் கொடுப்பவள், நான்காமவள் தன் முறைக்காகக் காத்திருந்து பெல் அடித்ததும் எழுந்து போகிறவள். அந்த நான்காம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நான் இரண்டு வருஷமாகப் பள்ளிக் கமிட்டிக்கு மனு மேல் மனு போட்டேன். "இவற்றை ரிப்பேர் செய்யவே முடியாது, புது டேப்லெட்டுகள்தான் வழி" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிப், பிக்சல், செயற்கை நுண்ணறிவு என்று ஒவ்வொரு மனுவிலும் ஆறு பக்கம் சேர்த்தேன். அத்தனையையும் படித்த ஒரே ஆள் நான்தான்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் கரஸ்பாண்டண்ட் ஐயா, எங்கள் சபையின் மூத்த போதகர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அடுத்து சுகுணாம்மா, ரிட்டையர்டு நர்ஸ். மூன்றாமவர் ரத்னம் சார், ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். எதில் பேசினாலும் முடிவு "வத்து", அதாவது வேண்டாம். அவருக்குத் தேவை காம்பவுண்டுச் சுவர்.

"ஏம்மா எஸ்தர், ஆடுங்க வந்து அசெம்பிளில நிக்குது. மொதல்ல கோடா கட்டாலி, சுவரு. இல்லாட்டி அதுங்களே பத்தாங்கிளாஸ் பரீட்ச எழுதிடும்."

இருந்த நிதிக்கு ஒன்றுதான் முடியும்: சுவர் அல்லது டேப்லெட். கடைசியில் கரஸ்பாண்டண்ட் ஐயா ஒரு வழி சொன்னார். "எஸ்தரம்மா, புதுசு ஒண்ணு எடுத்துக்கினு வா. பழசு ஒண்ணும் பக்கத்துல வை. எங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரிஞ்சா வாங்கிடலாம்."

இதைவிட எளிதான பரீட்சையை யாரும் எனக்கு வைத்ததில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை திருப்பதிக்கு பஸ் ஏறினேன். என் சொந்த டேப்லெட்டை (நான்கு வயது) அங்கே ஒரு பெரிய கடையில்தான் வாங்கியிருந்தேன். அதே கடையில், பள்ளிக்கு மொத்தமாக வாங்கப்போகிறோம் என்றதும், புது மாடல் ஒன்றை நான்கு நாளைக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். டை கட்டிய விற்பனையாளர் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"இதுல ஏஐ உந்தி மேடம். ஏஐ இருக்கு."

"அது என்ன பண்ணும்?"

"அன்னீ பண்ணும் மேடம். எல்லாம்."

"போன மாடல்லயும் அது இருந்ததே?"

"உந்தி மேடம். ஆனா இதுல எக்ஸ்ட்ரா."

சாதாரண மனுஷி இங்கே எழுந்து வந்திருப்பாள். நான் "ஓஹோ" என்று தலையாட்டினேன். கறுப்பு உறை ஒன்றும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். என் பழைய டேப்லெட்டுக்குப் போட்டிருந்த அதே கம்பெனி, அதே கறுப்பு. அப்போது அது எனக்குப் பொருத்தமாகப் பட்டதே தவிர ஆபத்தாகப் படவில்லை.

திரும்பும் பஸ் முழுக்க மலையிலிருந்து இறங்கியவர்கள். பக்கத்து சீட்டில் சந்தனம் பூசிய புது மொட்டை ஒருவர். காலையில் முடியோடு போயிருப்பார், மாலையில் மொட்டையோடு வருகிறார். பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரிந்தது. திருப்பதியிலிருந்து அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்தவற்றில், புதுசு என்று சொல்லாமலே தெரிந்த பொருள் அந்தத் தலை ஒன்றுதான். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு சந்திரகிரி தாண்டும்வரை மடியிலிருந்த பெட்டியைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து திறந்ததும் அது பணிவாகக் கேட்டது: பழைய கருவியில் இருப்பதையெல்லாம் இதற்கு மாற்றிக்கொள்ளட்டுமா? பாடங்கள், மார்க் லிஸ்ட், பிள்ளைகளுக்கான வினாடி வினா எல்லாம் அதில் இருந்தால் கமிட்டிக்குக் காட்டச் சௌகரியமாக இருக்குமே என்று "சரி" என்றேன். ஒரு மணி நேரம் அது உறிஞ்சியது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே படங்கள், அதே இடத்தில். முகப்பில் அதே அருவிப் போட்டோ, அதில் கண்ணை மூடியிருக்கும் அதே தேவதாஸ். நான் நான்கு வருஷமாகத் திறக்காத அதே மெயில்கள். புது வீட்டுக்குக் குடிபோய்க் கதவைத் திறந்தால், பழைய வீட்டுக் கரப்பான்பூச்சி முன்னால் வந்து நின்று "வாங்க" என்றதுபோல் இருந்தது.

தேவதாஸ் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாதான் கீது."

"உங்களுக்குக் கண்ணு கீதா இல்லையா? கலரப் பாருங்க! எப்படி துடிப்பா கீது!"

"எதுல?"

"இதுல!"

"சரி, சரி. இதுல துடிப்பா கீது." அவர் சாப்பிடப் போய்விட்டார். நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கே துடிப்பு சரியாகப் பிடிபடவில்லை. உடனே அந்த எண்ணத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். கம்ப்யூட்டர் டீச்சருக்கே தெரியவில்லை என்றால் பின்னே யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸ் அறையில் கூட்டம். கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுப்புடவையில் போனேன். மேஜைமேல் வலப்பக்கம் புதியது, இடப்பக்கம் பழையது. உறை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் குழம்பிவிடக் கூடாதே என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிக்கொண்டேன்: வலது புதுசு, இடது பழசு. ஐயா ஜெபத்தோடு ஆரம்பித்தார். அவர் ஜெபித்தால் சபையிலுள்ள நோயாளிகள் ஒருவர்கூட விடுபட மாட்டார்கள். நான் கண்ணை இறுக மூடியிருந்தேன். நடுவில் எங்கள் ஆயம்மா மரகதம் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது. தட்டை வைக்க மேஜையில் இடம் வேண்டாமா? இரண்டையும் பொறுப்பாகத் தூக்கி, துணியால் மேஜையைத் துடைத்து, தட்டை நடுவில் வைத்து, அவற்றை அழகாக இரண்டு பக்கமும் திருப்பி வைத்திருக்கிறாள். இடது வலது என்று நான் மனதுக்குள் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.

"ஆமென்" என்று கண்ணைத் திறந்தேன். வலப்பக்கத்தில் இருந்ததைக் கையில் எடுத்தேன்.

அடுத்த பத்து நிமிஷம் நான் பேசிய பேச்சை யாராவது பதிவு செய்திருந்தால் அந்தக் கடைக்காரர்கள் எனக்கு வேலையே கொடுத்திருப்பார்கள்.

"பாருங்க ஐயா, தொட்டதும் திறக்குது. விரல் படறதுக்கு முன்னாடியே நம்ம மனச அது படிச்சிடுது. இந்தக் கலரப் பாருங்க. இது பச்சை. இதான் உண்மையான பச்சை. நாம இத்தன நாளா பாத்தது பச்சையே இல்ல."

ஐயா வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா, லேசா கீது. கையில இருக்கறதே தெரியல."

சுகுணாம்மா வாங்கினார். "கண்ணுக்குக் குளுகுளுன்னு கீது. என்னோட போன்ல பாத்தா எரிச்சல் எடுக்கும்."

(இதை எழுதும்போது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். அன்றைக்கு ஏமாந்தவள் நான் ஒருத்தி மட்டுமல்ல.)

பிறகு இடப்பக்கத்தில் இருந்ததை எடுத்தேன், இறந்துபோன எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால். "இது பழசு." வினாடி வினாவைத் திறந்தேன். அது திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. புதிதாக வாங்கிய கருவிகள் முதல் சில நாள் தமக்குத் தேவையானதையெல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கும். எட்டாம் வகுப்புக்கு நானே இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"பாத்தீங்களா? யோசிக்குது. பாவம், வயசாயிடுச்சு. இந்தக் கனத்தப் பாருங்க, தூக்கினா எனக்கு மணிக்கட்டு வலிக்குது. கலர் எப்படி மங்கிப்போச்சு பாருங்க, அழுக்குத் தண்ணில தோச்ச மாதிரி. இத்த வெச்சிக்கினு பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறது பாவம் ஐயா."

ஐயா உச்சுக் கொட்டினார். சுகுணாம்மா, நோயாளியின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல் அதன்மேல் புறங்கையை வைத்து, "சூடு வேற கீது" என்றார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். ரத்னம் சார் மட்டும் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார்:

"புதுசு ரொம்ப மெலுசுன்னு மனுல எழுதினியே. ஆ கவர் தீயி. எவ்ளோ மெலுசுன்னு பாக்கலாம்."

இதற்காகத்தானே காத்திருந்தேன்! நான் புகழ்ந்து தள்ளிய டேப்லெட்டின் உறையைச் சட்டென்று உருவி, அதன் முதுகை மூன்று பேருக்கும் தெரியும்படி கல்யாணத் தாலித் தட்டைப்போல் உயர்த்திக் காட்டினேன். முதுகு அவர்கள் பக்கம். எனக்கு முன்பக்கம்தான் தெரிந்தது.

மூன்று பேரின் கண்ணும் விரிந்தது. நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ரத்னம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் கணக்கு வாசிக்கும் குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "சுத்தமான தோத்தாபுரி மாம்பழக் கூழ். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். தயாரித்த தேதியிலிருந்து பதினெட்டு மாதங்களுக்குள் பயன்படுத்தவும்."

நான் திருப்பிப் பார்த்தேன். முதுகின் நட்டநடுவில் மஞ்சளாக ஒரு மாம்பழ லேபிள். நான்கு வருஷத்துக்கு முன்னால், சபைக் கூட்டத்தில் யாருடையதோடும் மாறிவிடக் கூடாது என்று, ஃபாக்டரி டின்னில் ஒட்டும் லேபிளில் ஒன்றை தேவதாஸ் என் டேப்லெட்டில் ஒட்டி, அதன்மேல் உறையைப் போட்டிருந்தார். நான் உறையைக் கழற்றியதே இல்லை. அது அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது.

"தேதி போட்டு கீது," என்றார் ரத்னம் சார் குனிந்து பார்த்து. "எக்ஸ்பைரி ஆகி ரெண்டர வருஷம்."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். கம்ப்யூட்டர் டீச்சரின் வாய் மூடாது. "இல்ல ஐயா, அது வந்து... பழசும் புதுசும் ஒரே மாதிரி இருக்கறதுதான் இந்த மாடலோட சிறப்பே. யாரும் புதுசா எதுவும் கத்துக்க வேண்டியதில்ல..."

கரஸ்பாண்டண்ட் ஐயாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. போதகர் என்பதால் முதலில் கைக்குட்டைக்குள் சிரித்தார். பிறகு கைக்குட்டை போதவில்லை. சுகுணாம்மா சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் கண் குளுகுளுவென்று இருந்தது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற மரகதம், எதற்கென்று தெரியாமலே, பெரியவர்கள் சிரிக்கிறார்கள் என்று தானும் சிரித்தாள். "மரகதம், இத்தத் தொட்டியா?" என்றேன். "ஆமா டீச்சர், நல்லா தொடச்சி வெச்சேன்," என்றாள் பெருமையாக.

எழுந்து நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது. வெட்கத்தால் பாதி, மீதி ஆத்திரத்தால். கமிட்டிமேல் ஆத்திரம், ஒரே மாதிரி செய்து செய்து அனுப்பும் கம்பெனிகள்மேல் ஆத்திரம், மாம்பழத்தின்மேல் ஆத்திரம். இரண்டு வருஷ மனு பத்து நிமிஷத்தில் கூழாகிவிட்டது. இனி அந்த நான்காம் பிள்ளை பத்தாவது முடியும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கப்போகிறாள்.

கொஞ்ச நேரத்தில் ரத்னம் சார் வந்தார். இன்னும் இரண்டு வரி கேலி பாக்கி வைத்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. உட்கார ஒரு ஸ்டூலை இழுத்தவர், ஒரு மெஷினுக்கு நான்கு ஸ்டூல் போட்டிருப்பதைப் பார்த்து நின்றார்.

"இதேந்தி, நாலு ஸ்டூலு?"

"நாலு பேரு உக்காருவாங்க சார்."

"இருவது மெஷின் கீதே?"

"ஒம்பதுதான் சார் ஓடுது."

"மிச்சம்?"

"செத்துப்போச்சு."

அவர் ஒன்றை அழுத்தினார். அசையவில்லை. அடுத்ததை அழுத்தினார். மூன்றாவது உயிர் வந்து, ஜனவரி முதல் தேதி என்று வாழ்த்தியது. "ஒம்பதா?" என்றார் மறுபடி. "இத்த ஏம்மா எனக்குச் சொல்லல?"

"ரெண்டு வருஷமா மனு குடுக்கறேனே சார்!"

"அதுல சிப்பு, பிக்சலுன்னு எழுதின. ஒம்பதுன்னு எங்க எழுதின?"

எழுதவே இல்லை. எத்தனை பக்கம் எழுதினேன், இது ஒன்றை எழுதவில்லை. கமிட்டியை ஒருநாளாவது அழைத்துவந்து இந்த அறையைக் காட்டவும் இல்லை. இதை அவரிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "நீங்களும்தான் பத்து வருஷமா இந்தப் பக்கம் வரலியே சார்," என்றேன். பாக்கி வைத்திருந்த கேலியோடு அவர் திரும்பிப் போனார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

மறுநாள் கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் திருப்பதிக்குப் போனேன். தவறானதைக் கொடுத்துவிடப் போகிறேனே என்ற பயத்தில் பஸ்ஸிலேயே மூன்று தடவை உறையைக் கழற்றி முதுகைப் பார்த்தேன். டை கட்டியவர் கேட்டார்: "எலா உந்தி மேடம்? டிஃபரன்ஸ் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றேன். "எங்க கமிட்டிக்கே தெரிஞ்சுடுச்சு."

"இதைவிட புது மாடல் அடுத்த மாசம் வருது மேடம்."

இவ்வளவுக்குப் பிறகும் என் நெஞ்சு ஒரு நொடி துள்ளியது. வெட்கம்கெட்ட நெஞ்சு.

டேப்லெட் வாங்கவில்லை. ரத்னம் சார் கமிட்டியில் சண்டை போட்டு (ஆம், அவரேதான்) பழைய மெஷின்களை ரிப்பேருக்குக் கொடுக்க வைத்தார். "முடியவே முடியாது" என்று நான் ஆறு பக்கத்துக்கு நிரூபித்திருந்த வேலையை, சித்தூர் பஜாரில் ஒரு மெக்கானிக் பத்து நாளில் முடித்தார். உள்ளே டிஸ்க்கை மாற்றி, மெமரி சேர்த்து, புத்தாண்டு மெஷினுக்குப் புது பேட்டரி போட்டார். இருபதில் பதினேழு எழுந்து உட்கார்ந்தன. மிச்ச நிதியில் காம்பவுண்டுச் சுவர் பாதி எழும்பியது. ஆடுகள் மறுபாதி வழியாக வருகின்றன.

ரிப்பேர் முடிந்த முதல் நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே ஓடிவந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் திரைகள் சட்டென்று வெளிச்சமாகின. எப்போதும் கடைசி ஸ்டூலில் உட்காரும் கீர்த்தனா அன்றைக்கு ஒரு மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். மவுஸை நகர்த்தினாள். அம்பு நகர்ந்தது.

"டீச்சர்!" என்று கத்தினாள். "எல்லாம் புது கம்ப்யூட்டரா டீச்சர்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற நாளில் எங்கள் முகங்களும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஆமா," என்றேன். வேறென்ன சொல்ல?

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ரிட்டையர் ஆவேன். ஆனால் கரஸ்பாண்டண்ட் ஐயா அதை சபையின் ஐக்கிய விருந்தில் சொன்னார். சுகுணாம்மா, தன் பங்கை மட்டும் விட்டுவிட்டு, மாதர் சங்கத்தில் சொன்னார். ஸ்டாஃப் ரூமில் எனக்குத் "தோத்தாபுரி மேடம்" என்று பெயர் விழுந்தது. மாம்பழ சீசனில் இரண்டு தடவை கூப்பிடுவார்கள். தேவதாஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் தம்பிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "எது மொதல்ல பொறந்ததுன்னு இந்தம்மாவ மட்டும் கேக்காதீங்க," என்று நர்ஸிடமே சொன்னார்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் ஊரில் ஒரு மனுஷி அரிசி வாங்காமல் வாழ முடியாது. மாதாமாதம் அரிசிக் கடைக்குப் போக வேண்டும். போனதும் கடைக்கார ரெட்டி, ஒரு பாவமும் அறியாதவர், எல்லாரிடமும் கேட்கும் அதே கேள்வியை என்னிடமும் கேட்பார்: "கொத்த பிய்யமா மேடம், பாத பிய்யமா?" புது அரிசியா, பழைய அரிசியா.

போன மாதமும் கேட்டார். தேவதாஸ் பக்கத்தில் பையோடு நின்றிருந்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையிலிருந்து ஒரு கை அரிசியை அள்ளி, நிறம் பார்த்து, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்து, முழு நிதானத்தோடு சொன்னேன்:

"இது பழசு. இதுவே போடுங்க."

"அவசரப்படாத எஸ்தரு," என்றார் தேவதாஸ். "மூட்டையத் திருப்பிப் பாத்துட்டுச் சொல்லு."